கசந்த பூசணிக்காய்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போதெல்லாம் மறுத்துச் சண்டை பிடித்திருக்கிறேன், அதுவும் கோபத்தோடுதான். இப்போது நானே எழுத உட்கார்ந்திருப்பதால் ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கோபத்தால் எங்கள் ஒரே மகள் எட்டு மாதம் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், கொலோனில். அவள் தூரத்தில் எர்லாங்கனில் வேலை பார்க்கிறாள். அங்கே ஒரு ஜெர்மன்காரனோடு ஒரே வீட்டில் வாழ்வதாக மாசி மாதம் எங்கள் முன்னால் வந்து இருந்து சொன்னாள். அதற்கு நான் சொன்னதையெல்லாம் எழுதக் கூச்சமாக இருக்கிறது. உன் விருப்பம், ஆனால் அந்தச் சனத்தோடு எனக்கு ஒரு கதையும் வேண்டாம், அவர்கள் என் வாசற்படி ஏறக்கூடாது என்று முடித்தேன். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அடுத்த ரயிலுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு தகப்பனோடு மட்டும் தொலைபேசியில் பேசுவாள். நான் பக்கத்து அறையில் துணி மடிக்கிற சாட்டில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

ஐப்பசியில் ஒருநாள் என் வீட்டுக்காரர் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். மகள் அந்தப் பையனின் தாயோடு ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு வர விரும்புகிறாளாம். அந்தத் தாய் கொலோனுக்கு வெளியே, எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடத் தூரத்தில்தான் இருக்கிறார். பையனுக்கு அந்தச் சனி, ஞாயிறு வேலை. இதையெல்லாம் ஒரு விண்ணப்பப் படிவத்தை வாசிப்பதுபோல ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்றைச் சேர்த்தாள்.

"நீங்கள் அவவை வீட்டுக்குள்ளை எடுத்தால் நானும் வாறன் அம்மா. இல்லாட்டி இனி நானும் வரமாட்டன். இதை நான் கோபத்திலை சொல்லேல்லை."

கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். நிதானமாகச் சொன்னதால் பயந்துபோனேன். வரச்சொல்லு என்று மட்டும் சொல்லிவிட்டு, தொலைபேசியை இவரிடமே கொடுத்தேன்.

என்ன சமைப்பது என்று யோசித்தபோது இவர் இடியப்பமும் சொதியும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு கிழமைக்கு முன் மகள் தகப்பனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு தட்டு நிறையச் செம்மஞ்சள் நிறத்தில் பான்கேக், பக்கத்தில் அந்தத் தாயின் கை. இலையுதிர் காலம் வந்தால் அவர் கறுவாப்பட்டையும் கராம்பும் போட்டுப் பூசணிக்காய்ப் பான்கேக் சுடுவாராம், மகளுக்கு அது என்றால் உயிராம். இந்த மனுசன் அறிவில்லாமல் அதை என்னிடமே காட்டி, நல்ல நிறமாக இருக்கிறதே என்று ரசித்தார். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு என்ன. நான் முதியோர் இல்லச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள். எண்பது பேருக்குப் பான்கேக் சுட்ட கை இது. அவருடைய சாப்பாட்டை என் வீட்டில், அவரை விட நன்றாகச் செய்து, அவர் முன்னாலேயே வைப்பதென்று தீர்மானித்தேன்.

பூசணிக்காய்க்குக் குறைவில்லை. எங்களுக்கு ரயில் பாதையோரத் தோட்டங்களில் ஒரு சின்னத் துண்டு நிலம் குத்தகைக்கு இருக்கிறது. போன வருடம் அங்கே காய்த்த பூசணியின் விதைகளைப் பத்திரிகைத் தாளில் காயவைத்து எடுத்து, இந்த வருடம் போட்டிருந்தேன். கடையில் விதை வாங்குவது எனக்குப் பிடிக்காது. கையில் விதை இருக்கும்போது ஏன் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. வேலிக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் குட்டிக் குட்டியாக, வரியும் முண்டுமாக அலங்காரப் பூசணி நடுவார். வாசலில் அழகுக்கு வைக்கத்தான், சாப்பிட அல்ல. சாப்பிடாத காய்க்கு இவ்வளவு தண்ணீரா என்று நானும் இவரும் சிரிப்போம். இரண்டு தோட்டத்துப் பூக்களிலும் ஒரே தேனீதான் போய் உட்காரும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே எழும்பிவிட்டேன். கறுவா, ஏலக்காய், கராம்பு மூன்றையும் சட்டியில் லேசாக வறுத்து இடித்தேன். இஞ்சி சீவினேன், சாதிக்காய் உரசினேன். வீடே மணத்தது. பூசணியை வெட்டித் துருவி, ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தேன். கசந்தது. நல்லாகவே கசந்தது.

ஒரு ஜெர்மன்காரராக இருந்தால் அந்த இடத்திலேயே முழுவதையும் குப்பையில் கொட்டியிருப்பார். அலங்காரப் பூசணியின் மகரந்தம் கலந்த விதையில் காய்த்தது கசக்கும், பூசணி கசந்தால் நஞ்சு என்பது இங்கே தோட்டம் வைத்திருக்கிற கிழவர் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். எனக்குத் தெரியாது. முதியோர் இல்லத்துக்குப் பூசணி வெட்டிப் பையில் அடைத்துத்தான் வரும். எனக்குத் தெரிந்த கசப்பு பாவக்காய்க் கசப்பு. கசந்தால் உடம்புக்கு நல்லது என்று கேட்டு வளர்ந்த நாக்கு இது. ஆகவே பாவக்காய்க்குச் செய்வதையே செய்தேன். உப்பும் மஞ்சளும் போட்டுப் பிரட்டி வைத்து, துணியில் கட்டிப் பிழிந்தேன். மிச்சக் கசப்புக்குத் தேங்காய்ப்பாலும் இன்னொரு பிடி சீனியும் போட்டேன். பிறகு மா, முட்டை, இடித்த தூள் எல்லாம் சேர்த்துக் கரைத்துச் சுடத் தொடங்கினேன்.

முதல் இரண்டையும் இவர் அடுப்படியில் நின்று சுடச்சுடச் சாப்பிட்டார். இவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, பத்து வருடமாக. "இஞ்சரும், கசக்குதே" என்றார். கசப்பு உங்கள் வருத்தத்துக்கு மருந்து, பேசாமல் சாப்பிடுங்கோ என்றேன். பூசணி ரொட்டி என்று பெயரும் வைத்து, மனுசன் சொன்னபடி சாப்பிட்டார்.

பத்து மணிக்குச் சரியாக மணி அடித்தது. கதவைத் திறந்தால் முன்னால் அந்த ஜெர்மன்காரி. அப்போது மனதுக்குள் நான் அவரை அப்படித்தான் சொல்வேன். என் வயதுதான் இருக்கும், கட்டையாக வெட்டிய நரைத்த முடி, கையில் தோட்டத்துப் பூக்கள். அவருக்குப் பின்னால் என் மகள், முகம் வெளிறி, கொஞ்சம் மெலிந்து. வெள்ளி பின்னேரமே எர்லாங்கனிலிருந்து வந்துவிட்டாளாம். இரண்டு இரவும் அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். பெற்ற தாய் இருபது நிமிடத் தூரத்தில் இருக்க, பிள்ளை அங்கே படுத்து எழும்பி வந்திருக்கிறாள். நான் சிரித்துக்கொண்டே பூவை வாங்கினேன், ஆனால் உள்ளே அடுப்பு பற்றிவிட்டது.

மேசையில் இருந்தார்கள். மகளுக்கு முதலில் வைத்தேன், பிறகு அவருக்கு. மகளின் கண் பான்கேக்கைப் பார்த்து விரிந்தது. என்னைப் பார்த்தாள். எனக்காகவா அம்மா இதைச் செய்தீர்கள் என்று அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. அந்த ஒரு கணத்துக்காக இன்னொரு எட்டு மாதமும் பூசணி துருவியிருப்பேன்.

அவள் முள்ளுக்கரண்டியை எடுக்கிறாள். அதற்குள் அந்தப் பெண் ஒரு துண்டை வாயில் வைத்து, உடனே கைத்துடைப்புத் தாளில் துப்பினார். என் மேசையில், என் முன்னால், என் சாப்பாட்டை. துப்பியதோடு நிற்கவில்லை. எழும்பி, மகளின் தட்டை வெடுக்கென்று பறித்தார். பான்கேக் மேசை விரிப்பில் விழுந்தது. சாப்பிடாதே, இது கசக்கிறது, இதைச் சாப்பிடக் கூடாது என்று ஜெர்மனில் சத்தமாகச் சொன்னார்.

எனக்கு நஞ்சு என்று விளங்கவில்லை. அவமானம் என்றுதான் விளங்கியது. வீட்டுக்கு வந்தவர்கள் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் ருசியாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுவதுதான் எங்கள் பழக்கம். அவருக்குப் பிடிக்காவிட்டால் போகட்டும், என் பிள்ளையின் தட்டைப் பறிக்க அவர் யார்? பேசினால் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே பயம். அதற்குப் பதிலாகத் தட்டிலிருந்து ஒரு முழுப் பான்கேக்கை எடுத்து, சுருட்டி, பாதியை வாய்க்குள் தள்ளி, அவர் கண்ணை நேரே பார்த்துச் சப்பினேன். ஐம்பத்தெட்டு வயதில் செய்கிற வேலையா இது?

அவர் மேசையைச் சுற்றி ஓடி வந்தார். தன் உள்ளங்கையைக் குவித்து என் வாய்க்குக் கீழே பிடித்தார்.

"துப்பு!" என்றார் ஜெர்மனில். மரியாதைச் சொல் இல்லை, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

எச்சில் விஷயத்தில் நாங்கள் எப்படி என்று இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருவர் குடித்த கோப்பையில் இன்னொருவர் வாய் வைப்பதில்லை. என் அம்மாவுக்குப் பிறகு என் எச்சிலுக்குக் கை நீட்டினவர் எவருமில்லை. முன்பின் அறியாத ஒரு பெண் என் வாயடியில் கையை ஏந்திக்கொண்டு நிற்கிறார். அவர் முகத்தில் அருவருப்பு இல்லை, கோபமும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. துப்பிவிட்டேன்.

அவர் அதை அப்படியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டுக் கை கழுவினார். வேறு யாராவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பாடசாலையில் குழப்படி செய்தவர் மாதிரிக் கையைத் தூக்கி, இரண்டு விரலைக் காட்டினார். காட்டின கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனார்.

அந்தப் பெண் உடனே நஞ்சு பற்றிக் கேட்கிற அவசர எண்ணுக்கு அழைத்தார். நான் குளியலறைக் கதவுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றேன். உள்ளே இவர் ஓங்காளித்துச் சத்தி எடுக்கிற சத்தம். இங்கே அவர் மகளிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறார். அறுபத்திரண்டு வயது ஆண், இரண்டு சாப்பிட்டார், நீரிழிவு நோயாளி. ஐம்பது கடந்த பெண் ஒருவர், வாயில் வைத்தார், துப்பிவிட்டார். தானும் துப்பிவிட்டதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். இளம்பெண் ஒருத்தி இருக்கிறாள், கர்ப்பிணி, ஆனால் அவள் வாயில் வைக்கவே இல்லை, நான் தட்டை எடுத்துவிட்டேன் என்றார்.

ஜெர்மனில் அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன் அந்தச் சொல்லைக் கையில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போனவள் நான். மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் விரிப்பில் விழுந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கேட்க நேரமில்லை. தண்ணீர் நிறையக் கொடுக்க வேண்டும், சீனி அளவை அடிக்கடி பார்க்க வேண்டும், சத்தி நிற்காவிட்டால் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும் என்று சொன்னார்களாம். அந்தப் பெண் காரைக் கதவடிக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு வந்தார். நான் இவருக்கு முதுகைத் தடவ, அவர் வாளி மாற்றினார். மகளைப் பக்கத்தில் வர விடவில்லை. சன்னலைத் திறந்து அங்கே இருக்கச் சொன்னார். மூன்று தரம் எடுத்த பிறகு இவருக்குக் கொஞ்சம் அடங்கியது. விரலில் குத்திப் பார்த்தோம், சீனி பரவாயில்லை. பன்னிரண்டு மணிக்குக் கட்டிலில் சாய்ந்து, இனி என் வருத்தத்துக்கு மருந்து தரவேண்டாம் என்று என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இங்கே ஞாயிற்றுக்கிழமை கடை ஒன்றும் திறந்திருக்காது. அந்தப் பெண் தன் வீட்டில் நல்ல பூசணி இருக்கிறது, பிள்ளை ஒன்றும் சாப்பிடவில்லை, போய் எடுத்து வருகிறேன் என்று கிளம்பினார். கதவடியில் நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். எனக்கு வேலையிடத்து ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் மன்னிப்புக்கு வேண்டிய சொற்கள் அதில் அவ்வளவாக இல்லை. அவர் என் தோளைத் தட்டிவிட்டு, உங்கள் தூள் அற்புதமாக மணக்கிறது, அதை மட்டும் கொட்டிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் அறையில் தூங்கிவிட, நானும் மகளும் மட்டும். கேட்க எத்தனையோ கேள்வி இருந்தது. வாயில் வந்தது இதுதான்:

"அவவுக்குச் சொன்னனீ. எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நான் சொல்லேல்லை அம்மா. நேற்றுக் காலமை அவ வீட்டிலை சத்தி எடுத்தன். அவவே பிடிச்சிட்டா. சந்தோசமோ, பயமோ எண்டு கேட்டா." என் முகத்தைப் பார்த்து, "நீங்கள் எண்டால் ஆருக்கெல்லாம் தெரியும் எண்டு கேட்டிருப்பியள்" என்றாள்.

பொய் சொல்லக் கூடாது. அடுத்த கேள்வியாக என் நாக்கில் ஏற்கெனவே வந்து நின்றது அதுதான். கொலோனில் இருக்கிற எங்கள் சனம் என்ன சொல்லும், கோயிலில் யாருக்குத் தெரியும், கலியாணம் எப்போது என்று வரிசையாக நின்றன. பிள்ளை என்னை எவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். வெட்கமாகப் போய்விட்டது. அந்தக் கேள்விகளை விழுங்கினேன், அவை அந்தப் பூசணியை விடக் கசந்தன.

பிறகு அந்தப் பெண் கேட்டதையே நானும் கேட்டேன். சந்தோசமா, பயமா என்று. அவள் இரண்டும் என்றாள். சொல்லிவிட்டு, எட்டு மாதமாக அழாத பிள்ளை என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும்தான்.

இருபது நிமிடத்தில் போய் இருபது நிமிடத்தில் வருகிறேன் என்றவர் அதேபோல வந்தார். சிவந்த தோலோடு சின்னதாக ஒரு பூசணி. சமையலறைக்கு வந்து, கேட்காமலே என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டார். வெட்டியவுடன் ஒரு துண்டைத் தான் கடித்துப் பார்த்து, இன்னொரு துண்டை என்னிடம் தந்தார். இனிப்பாக இருந்தது. அவர் துருவ, நான் மிச்சத் தூளை அளந்து போட்டேன். எண்ணெய் எவ்வளவு, சீனி எவ்வளவு என்று இரண்டு பேரும் சண்டை பிடித்தோம். சமையலறையில் இன்னொரு பெண் கை வைத்தால் எனக்குப் பொறுக்காது. அன்றைக்குப் பொறுத்தது.

சுட்டுக்கொண்டிருக்கும்போது, எத்தனை மாதம் என்று மெதுவாக அவரிடம் கேட்டேன். தனக்குத் தெரியாது, அதை மகளிடம்தான் கேட்க வேண்டும் என்றார். நேற்று முழுநாளும் பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியாதா என்று எனக்கு ஒரு சந்தேகம். பழைய குணம் அவ்வளவு கெதியாகப் போய்விடுமா? சட்டியை அவரிடம் விட்டுவிட்டு மகளிடம் போனேன்.

மகள் தன் கைப்பையைத் திறந்து, வெள்ளை உறையொன்றை எடுத்தாள். உறை ஒட்டியிருந்தது. டாக்டர் தந்த படம் என்றாள்.

"பதினொரு கிழமை, மூண்டாம் மாதம். உங்களுக்குக் காட்டத்தான் இண்டைக்கு வந்தனான். நீங்கள் கதவைத் திறப்பியளோ எண்டு தெரியாமல் வந்தனான்."

அவவுக்குக் காட்டினாயா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டேன்.

"நேற்று நீட்டினனான் அம்மா. அவ வாங்கேல்லை. உறையைத் தானே ஒட்டித் தந்தா. உன்ரை அம்மா முதல் பாக்கட்டும் எண்டிட்டா."

என் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்று நான் சொன்னது அவருக்குத் தெரியும். மகள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் அந்த உறையை ஒட்டியிருக்கிறார், தெரிந்துகொண்டுதான் பூவோடு வந்திருக்கிறார்.

உறையைக் கிழித்தேன். அவசரத்தில் கோணலாகக் கிழிந்தது. படத்தை முதலில் நான் பார்த்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "சம்பந்தி, அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ" என்று தமிழிலேயே கூப்பிட்டேன். ஒரு சொல்லும் விளங்காமலே அவர் வந்தார்.